அம்பண்ணன் வீட்டு ஹால் தரை

திருப்பூரில் அம்பண்ணன் குறை கண்டுபிடிக்காத பொருள் ஒன்று உண்டென்றால், அதை இன்னும் கவர் பிரித்து அவரிடம் காட்டவில்லை என்று அர்த்தம்.

அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. ரேஷன் கார்டில் இருந்திருக்கும். வீரபாண்டியில் எங்கள் காம்பவுண்டில் யாரும் அதைக் கேட்டதில்லை. அம்பண்ணன் வீடு என்றால் தபால்காரர்கூட நேராக வந்துவிடுவார்.

பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர் அவர். தைத்து வரும் பனியனில் ஓட்டை, கறை, கோணல் தையல் எது இருந்தாலும், அந்த இடத்தைக் காட்டிச் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அம்பு ஒட்டியது ரிஜெக்ட். ஒட்டாதது பாஸ். அவ்வளவுதான் வேலை. மற்றவர்கள் அதைக் கம்பெனிக்குள் செய்தார்கள். இவர் வெளியிலும் செய்தார்.

அவர் சட்டைப் பையில் பேனா இருக்காது. ஒரு தாள் நிறைய அம்பு இருக்கும்.

டீக்கடையில் கிளாஸ் விளிம்பு உடைந்திருந்தால் ஒட்டுவார். டவுன் பஸ்ஸில் சீட் கிழிந்திருந்தால் ஒட்டுவார். ஒரு நாள் கண்டக்டர் பார்த்துவிட்டார்.

"ஏனுங்க, பஸ்ஸுக்குள்ள என்னத்த ஒட்டறீங்க?"

"டேமேஜுங்க. டெப்போவுல காட்டுங்க. ஆல்டர் பண்ணிக் குடுப்பாங்க."

கண்டக்டர் அடுத்த ஸ்டாப்பில் அவரை இறக்கிவிட்டார். இறங்கும்போது படிக்கட்டில் ஒன்று ஒட்டிவிட்டுத்தான் இறங்கினார்.

ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் மாலை ஒரு பக்கம் தாழ்ந்து கிடந்தது. வாழ்த்த மேடை ஏறியவர் அதைக் கையால் சரி செய்திருக்கலாம். அது அவர் வேலை இல்லை. தோளில் அம்பை ஒட்டிவிட்டு இறங்கி, பந்திக்குப் போய்விட்டார். கல்யாண ஆல்பம் முழுக்க மாப்பிள்ளை ரிஜெக்ட் ஆகித்தான் நிற்கிறார்.

ஊத்துக்குளி வெண்ணெயையும் விடவில்லை. வாங்கி வந்து பிரித்தார். மோந்தார். நக்கினார். குறை இல்லை. சும்மா இருக்க முடியாமல் ஒன்றை ஒட்டிப் பார்த்தார். வழுக்கி விழுந்தது. "பாத்தீங்களா, ஸ்டிக்கரே நிக்கல" என்றார். அதுதான் குறையாம்.

நான் தெற்கே இருந்து பிழைக்க வந்தவன். முதலில் அவர் டேபிளில்தான் ஹெல்பர். வேலைக்குச் சேர்ந்த அன்று சாயங்காலம், வழியெல்லாம் ஆட்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ரூமுக்கு வந்து சட்டையைக் கழற்றினேன். முதுகில் அம்பு. மறுநாள் கேட்டேன்.

"என்னண்ணே குறை?"

"கூன் போட்டு நிக்கறீங்க தம்பி. நேரா நில்லுங்க, எடுத்தர்றேன்."

ரிஜெக்ட் செய்தாலும் மரியாதையாகத்தான் செய்வார். நேராக நின்றேன். பார்த்தார். எடுக்கவில்லை. நான் அந்த வேலையை விட்டுவிட்டு வினைல் கடைக்குப் போனேன். தரையில் விரிக்கிற வினைல் ரோலை அளந்து, வெட்டி, பசை தடவி ஒட்டுகிற வேலை. அதற்குக் கூன் போட்டே ஆக வேண்டும்.

வேலையை விட்டேனே தவிர அவரை விட முடியவில்லை. எங்கள் காம்பவுண்டில் அவர் பக்கத்து வீடு.

அவர் மனைவி சரசக்கா. கணியூரில் விவசாயக் குடும்பம். அதிகம் பேச மாட்டார். பேசினால் அதுவும் அம்புதான். ஸ்டிக்கர்தான் இல்லை.

ஒரு ஹால், ஒரு சமையல் கட்டு. அவ்வளவுதான் வீடு. தரை சிமெண்ட். வீட்டுக்காரர் கட்டும்போது மணலை மனசார அள்ளிப் போட்டு, சிமெண்டைக் காட்டிவிட்டு மட்டும் போயிருக்கிறார். பெருக்கப் பெருக்க மண் வரும். "குப்பையே வேணாந் தம்பி, தரையே வருது" என்பார் சரசக்கா. டைல்ஸ் போடலாம் என்றால் வீட்டுக்காரர் தரையைக் கொத்த விட மாட்டார். மேலே வினைல் விரித்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்.

சரசக்கா அதைக் கேட்டு வருஷக்கணக்காயிற்று. அம்பண்ணனும் மாட்டேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. கடையிலிருந்து சேம்பிள் வாங்கி வருவார். பார்ப்பார். அம்பு ஒட்டுவார். திருப்பிக் கொடுப்பார். தரை மண்ணாகவே இருந்தது.

சரசக்காவுக்கு வீட்டில் ஒரு தொழில் இருந்தது. பனியனில் தொங்குகிற நூல் பிசிறை வெட்டுவது. மூட்டையாக வீட்டுக்கே கொண்டுவந்து போடுவார்கள். ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்து வெட்டி, அடுக்கிக் கட்டிக் கொடுப்பார். எந்த மூட்டை எந்தக் கம்பெனிக்குப் போகிறது என்று இவருக்குத் தெரியாது.

ஒரு தடவை வெள்ளைப் பனியன் மூட்டை ஒன்று வந்தது. வெட்டிக் கட்டிக் கொடுத்தார். அது போய் இறங்கிய இடம் அம்பண்ணன் டேபிள். முடிச்சைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது, கட்டியது யார் என்று. அப்படி இறுக்கி முடிச்சுப் போட சரசக்காவால்தான் முடியும். பிரித்தார். வெள்ளைப் பனியன் எல்லாவற்றிலும் சிமெண்ட் மண். ஒன்று விடாமல் அம்பு ஒட்டினார்.

ஒட்டியதோடு இருந்திருக்கலாம். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னார். காம்பவுண்டுக்கே கேட்டது.

"ஏனுங்க, என்ற மூட்டைன்னு தெரிஞ்சுமா ஒட்டுனீங்க?"

"தெரிஞ்சுதான் சரசு. கறை இருந்துது."

"கறை எங்கிருந்து வந்துது?"

"தரையில இருந்து."

"தரை யாரோடது?"

அம்பண்ணன் நன்றாக யோசித்தார். "ஊட்டுக்காரரோடது" என்றார்.

சரசக்கா துணியை எடுத்துப் பையில் திணித்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது மட்டும் சொன்னார்.

"தரையப் போட்டுட்டுச் சொல்லியுடுங்க. வர்றேன். அது வரைக்கும் அம்மா ஊட்டுல இருக்கறேன். எங்க மாட்டுக் கொட்டாயி தரை இதுக்கு எவ்வளவோ தேவலைங்க."

போய்விட்டார். காம்பவுண்டு மொத்தமும் வாசலில் நின்று பார்த்தது. அம்பண்ணனும் பார்த்தார். அவர் பார்த்தது பையை. ஜிப் பிய்ந்து வாய் பிளந்து கிடந்தது. சரசக்கா அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் அதில் ஒரு அம்பு ஒட்டிவிட்டார். அது கணியூர் போய்ச் சேர்ந்தது.

தனியாக இருந்த நாட்களில் அம்பண்ணன் ரசம் வைத்துப் பார்த்தார். ஒரு கரண்டி குடித்தார். சட்டியில் அம்பு ஒட்டினார். மெஸ்ஸுக்குப் போனார். மெஸ் இட்லியில் ஒட்டினார். மெஸ்காரர் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று கும்பிட்டார். மறுநாள் அம்பண்ணன் என் வாசலில் வந்து நின்றார். கன்னம் ஒட்டியிருந்தது.

"தம்பி, ஒரு தரை வேணுங்க."

"வாங்கண்ணே."

எங்கள் கடை முதலாளி பொறுமைசாலி. அன்றைக்குக் காலை வரைக்கும் அப்படித்தான் இருந்தார்.

சேம்பிள் புத்தகத்தை விரித்து வைத்தார். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வினைல் துண்டு. முதலில் பூப் போட்டது.

"பூவெல்லாம் ஒரே பக்கம் பாக்குதுங்க. வாசல்ல நின்னா நமக்கு முதுகு காட்டுது." அம்பு.

கட்டம் போட்டது. "கண்ணக் கட்டுது. சரசுக்குத் தலை சுத்தும்." அம்பு.

பளிங்குக் கல் மாதிரி ஒன்று. "இது பொய்யிங்க. கல்லு மாதிரி இருக்குது, கல்லு இல்ல." அம்பு.

"அடுத்தது பாருங்க. மரம் மாதிரி. அதுவும் பொய்தானுங்க" என்றார் முதலாளி.

"அது வேறைங்க. இந்தப் பொய்யில கோடு நேரா இருக்குது." ஆனாலும் மஞ்சள் அதிகம் என்று ஒரு அம்பு.

முதலாளி கறுப்பைக் காட்டினார். "குழம்பு கொட்டுனாலும் தெரியாதுங்க."

"தப்பு தெரியாத தரை எதுக்குங்க?" என்று கேட்டார் அம்பண்ணன். அம்பு.

புத்தகம் முழுக்க சிவப்பெறும்பு ஏறிய மாதிரி ஆகிவிட்டது. "ஏனுங்க, இத நாளைக்கு வேற ஆளுக்குக் காட்டோணுமுங்க" என்றார் முதலாளி.

"காட்டுங்க. அவிங்களுக்கு வேலை மிச்சம்."

கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் அவர் கை நின்றது. சாம்பல் நிற மரக்கட்டை டிசைன். பலகை பலகையாகக் கோடு. புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பினார். வாசலுக்குக் கொண்டுபோனார். கொண்டுவந்தார். அம்புத் தாள் பைக்குள்ளேயே இருந்தது. முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். சாமி கும்பிட்டார் என்று நினைக்கிறேன்.

"டெஸ்ட் பண்ணோணும்" என்றார் அம்பண்ணன். துண்டைக் கிழித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

கம்பெனிக்கு எந்தத் துணி வந்தாலும் டெஸ்ட் செய்யாமல் வெட்ட மாட்டார்கள். அம்பண்ணனுக்குத் தரையும் துணிதான். துணியின் எடை பார்க்க வட்டமாக வெட்டுகிற கட்டர் ஒன்று உண்டு. அதை வைத்து வினைலை வெட்டி எடை போட்டார். பத்தாமல் இன்னொன்று வெட்டினார். துண்டு இட்லித் தட்டு மாதிரி திரும்பி வந்தது. கட்டர் திரும்பி வரவில்லை. பல் போய்விட்டதாம்.

வேறு துண்டு கொடுத்தோம். அதை வாஷிங் மிஷினில் போட்டார். சுருங்குகிறதா என்று பார்க்க. சுருங்கவில்லை. முகம் வாடி வந்தார்.

"சுருங்காத துணிய நான் பாத்ததே இல்லீங்க தம்பி."

"துணி இல்லண்ணே அது."

"அதத்தானுங்க சொல்றேன். சந்தேகமா இருக்குது."

அடுத்து அயர்ன் வைத்தார். அயர்ன் பாக்ஸோடு வினைல் போய்விட்டது. செக்கிங் ஹாலே நாறி, பெண்கள் எல்லாம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்களாம்.

"தரைய யாருண்ணே அயர்ன் பண்ணுவா?" என்று கேட்டேன்.

"பண்ணக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்குது? ஒரு லேபிள் உண்டா?"

லேபிள் இல்லை. அது எங்கள் தப்பு என்று முடிவாயிற்று.

கடைசி டெஸ்ட் கலர். அதற்கு என்னையும் கூட்டிப் போனார். கம்பெனியில் லைட் பாக்ஸ் என்று ஒன்று வைத்திருப்பார்கள். அலமாரி அளவுக்கு ஒரு பெட்டி. மேலே விதவிதமான லைட். ஒரு சுவிட்ச் போட்டால் பகல் வெளிச்சம். இன்னொன்று போட்டால் வெளிநாட்டுத் துணிக்கடை வெளிச்சம். ஒரே சாயம் ஒரு லைட்டில் ஒரு மாதிரி, வேறு லைட்டில் வேறு மாதிரி தெரியும். அதனால் துணியை இங்கே வைத்துப் பார்த்துத்தான் கலர் பாஸ் செய்வார்கள். துணி வாங்குகிற வெளிநாட்டுப் பையர் எல்லோரும் கேட்பது கடை லைட். துணி அங்கேதானே விற்க வேண்டும்.

அம்பண்ணன் வினைலை உள்ளே வைத்தார். கடை லைட்டைப் போட்டார். சாம்பல் அப்படியே சாம்பலாக, கழுவி விட்ட மாதிரி தெரிந்தது. அவர் முகத்தில் நான் பார்த்தே இராத ஒன்று வந்தது. சிரிப்பு.

வீட்டு வெளிச்சத்துக்கும் அந்தப் பெட்டியில் ஒரு சுவிட்ச் இருந்தது. நான் போட்டேன். எரியவில்லை.

"அந்த பல்பு போயி நெம்ப நாளாச்சு தம்பி. யாரும் மாத்தறதில்ல. அத எந்த பையரும் கேக்கறதில்ல" என்றார்.

அவர் வீட்டு ஹாலில் எரிவது மஞ்சள் குண்டு பல்பு. டியூப் லைட் போட்டால் சரசக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் வரும். அது அவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் ரெண்டு பேருக்கும் ஞாபகம் வரவில்லை.

ரோல் வந்து இறங்கியது. "வந்தவுடனே வெட்டக் கூடாது. ரோலுல இறுகிக் கெடந்திருக்கும். ஒரு நாள் விரிச்சுப் போட்டு ரிலாக்ஸ் பண்ணோணும்" என்றார் அம்பண்ணன். பின்னல் துணிக்குச் சொல்வது அது. வினைலுக்கும் அதுதான் சரி. அவர் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தரையைப் பற்றிச் சரியாகச் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொண்டால் பழகிவிடும். ரோல் அவர் ஹாலில் ரிலாக்ஸ் ஆனது. அவர் என் ரூமில் வந்து படுத்தார். காலையில் என் தலையணையில் அம்பு.

ஹால் அகலத்துக்கு ரோல் பத்தாது. ரெண்டு துண்டு போட்டு நடுவில் ஒட்ட வேண்டும். கோடு போட்ட பனியனின் பக்கவாட்டுத் தையலில் கோடு கோட்டோடு சேருகிற மாதிரி, பலகைக் கோடும் சேர வேண்டும் என்றார். சேர்த்தேன். தரையில் குப்புறப் படுத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"நூலளவு எறங்கியிருக்குதுங்க."

எடுத்துத் திரும்பச் சேர்த்தேன்.

"இப்ப ஏறியிருக்குதுங்க."

"சரிண்ணே."

ஒரு பக்கம் பலகைக் கோடு சுவரோடு ஒட்டி வராமல் விலகி விலகிப் போனது. அம்பண்ணன் என்னை முறைத்தார். நூல் பிடித்துக் காட்டினேன். கோணல் தரையில் இல்லை, சுவரில். அவ்வளவுதான், சுவர் நெடுகிலும் வரிசையாக அம்பு. சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து பார்த்தார்.

"என்னுங்க இது செவுத்துல?"

"செவுரு கோணி ஸ்க்யூ ஆகியிருக்குதுங்க. பிரிச்சுத் திரும்பத் தெக்கோணும்."

"காலி பண்ணறதா இருந்தா அத நேராச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரர் போனார். போகும்போது அவர் வேட்டி நுனியிலும் ஒன்று ஒட்டியிருந்தது.

சுவர்க் கோணல் தெரியாமல் இருக்க அந்தப் பக்கம் சோபாவை நகர்த்தினோம். சோபாவுக்கு எக்ஸ்போர்ட்டில் மிஞ்சிய டீசர்ட் துணியில் உறை. அதில் இங்கிலீஷில் ஏதோ பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது. அர்த்தம் யாருக்கும் தெரியாது. ஜன்னல் திரையும் மிஞ்சிய துணிதான். சாம்பல் தரைக்கு என்ன திரை பொருந்தும் என்று துண்டு துண்டாக லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்து எடுத்து வந்திருந்தார். டிவி ஸ்டாண்டை இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம். "பையர் வந்தா மொதல்ல எங்க பாப்பான்?" என்று வாசலில் நின்று கேட்டார். "பையர் வரலண்ணே. சரசக்கா வர்றாங்க" என்றேன். அதன் பிறகுதான் போன் ஞாபகம் வந்தது.

"சரசு, தரை போட்டாச்சு."

அந்தப் பக்கம் குரல் எனக்கே கேட்டது. "பாஸா?"

"பாஸு."

"யாரு சொன்னது?"

"நாந்தான்."

"நம்ப முடியலீங்க. சரி, நாளைக்குச் சாயங்காலம் வர்றேன்."

அம்பண்ணன் போனை வைத்தார். இருட்டிக்கொண்டு வந்தது. ஹாலில் குண்டு பல்பைப் போட்டார்.

தரை கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

அணைத்தார். போட்டார். கத்தரிக்காய். திரும்ப அணைத்துத் திடீரென்று போட்டார், ஏமாற்றிப் பிடிக்கிற மாதிரி. கத்தரிக்காய்தான்.

"தம்பி, யாரு இந்தத் தரைய மாத்துனது?"

"யாரும் மாத்தலண்ணே. லைட்டப் போட்டிருக்கீங்க."

சோபாவில் உட்கார்ந்துவிட்டார். பையிலிருந்து தாளை எடுத்து ஒரு அம்பை உரித்தார். அது விரல் நுனியில் நின்றது. ஒட்டினால் ரிஜெக்ட். ரிஜெக்ட் ஆனதை வீட்டில் வைத்திருக்க அவரால் முடியாது. பிய்க்கச் சொல்வார். பிய்த்தால் பழைய மண் தரை. சரசக்கா வாசலோடு திரும்பிவிடுவார், இந்தத் தடவை கூப்பிட்டாலும் வர மாட்டார். ஒட்டாமல் விட்டால் இவர் அம்பண்ணன் இல்லை. விரலில் அம்போடு உட்கார்ந்தே இருந்தார். நான் வாங்கி வந்த புரோட்டாவை அம்பு விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே சாப்பிட்டார்.

மறுநாள் மத்தியானமே கம்பெனியிலிருந்து ஓடி வந்தார். கையில் நீளமாக ஒன்று, பேப்பர் சுற்றி. லைட் பாக்ஸுக்கு வைத்திருந்த உபரி டியூப். கேட்டு வாங்கி வந்திருக்கிறார். வெளிநாட்டுக் கடை லைட்.

"மருந்து கெடச்சிருச்சு தம்பி!"

தரை சரியில்லை என்று உலகத்தில் லைட்டை மாற்றிய ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும். குண்டு பல்பைக் கழற்றி, ஒயர் இழுத்து டியூபை மாட்டி, ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் போட்டோம். தரை அற்புதமான சாம்பல். மற்றதெல்லாம் போய்விட்டது. காலண்டரில் முருகன் சீக்காகத் தெரிந்தார். சொம்பு பாசி பிடித்த மாதிரி இருந்தது. அண்ணனும் நானும் கடையில் விற்பனைக்கு வைத்தவர்கள் மாதிரி நின்றோம். ஒருவரும் வாங்க மாட்டார்கள்.

சரசக்கா வந்தார். கையில் அதே பை. ஜிப் புதிது.

வாசலில் செருப்பை விட்டு, ஒரு காலை உள்ளே வைத்தார். கட்டை விரலால் தரையைத் தேய்த்தார். விரலைத் தூக்கிப் பார்த்தார். குனிந்து உள்ளங்கையால் தடவினார். "மண்ணே இல்லீங்களே" என்றார். அந்தக் குரலைக் காம்பவுண்டில் யாரும் கேட்டதில்லை.

அப்புறம் தன் கையைப் பார்த்தார். நிமிர்ந்து சுவர்க் கண்ணாடியைப் பார்த்தார்.

"ஏனுங்க, எனக்கு மஞ்சக் காமாலையா?"

"இல்ல சரசு. லைட்டு."

"இது என்ன லைட்டு?" கண்ணில் அதற்குள் தண்ணீர் வந்திருந்தது. முந்தானையால் துடைத்தார்.

"கடை லைட்டு. இதுல பாத்தாத்தான் தரை கலரு சரியா வரும்."

"அப்ப நான் எந்த லைட்டுல இருக்கறதுங்க?"

அம்பண்ணன் தரையைப் பார்த்தார். சாம்பல். பலகைக் கோடு நூல் பிசகாமல் இருந்தது. சரசக்காவைப் பார்த்தார். மஞ்சளும் பச்சையுமாக, கண்ணில் நீர் வழிய, பையைக் கீழே வைக்காமல் நின்றார். அண்ணன் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். டியூபைக் கழற்றினார். குண்டு பல்பை மாட்டினார்.

சரசக்கா சரசக்காவானார். தரை கத்தரிக்காயானது.

"இது என்னுங்க கலரு?"

"டேமேஜு சரசு. என்ற தப்பு. பாக்க வேண்டிய லைட்டுல பாக்கல."

"அம்பு ஒட்டலீங்களா?"

அண்ணன் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார். சரசக்கா பார்த்துக்கொண்டே நின்றார். பை கையிலேயே இருந்தது. புது ஜிப் பளபளத்தது. வாசலில் காம்பவுண்டு மொத்தமும் நின்றது.

அண்ணன் தாளை மடித்துச் சட்டைப் பையிலேயே திரும்ப வைத்தார்.

"பாஸு" என்றார்.

"கேக்கலீங்க."

"பாஸுங்க."

சரசக்கா பையைத் தரையில் வைத்தார்.

திருந்திவிட்டார் என்று நினைக்க வேண்டாம். சரசக்கா வெட்டிக் கட்டிய அடுத்த மூட்டையில் மண் இல்லை. பிசிறு இருந்தது. அதற்கு அம்பு ஒட்டினார். சரசக்கா இந்தத் தடவை ஊருக்குப் போகவில்லை. அடுப்பைப் பற்ற வைக்காமல் புதுத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். "தரை காலுக்கு நெம்ப எதமா இருக்குதுங்க" என்று சொன்னாராம். அம்பண்ணன் திரும்ப என்னோடு புரோட்டா சாப்பிட்டார்.

அன்றைக்குத்தான் சொன்னார். "சமையல் கட்டுப் பக்கம் ஒரு மூலையில எடைவெளி உட்டிருக்கீங்க தம்பி."

"ஒட்டிட்டீங்களாண்ணே?"

"அதெப்படீங்க? பாஸ் ஆன தரை. அதுல ஒட்டக் கூடாது."

சொல்லிக்கொண்டே சுற்றிலும் பார்த்தார். உரித்த அம்பு விரலில் நின்றது. எங்கேயாவது போயாக வேண்டும். என் டூல்ஸ் பெட்டியின் மூடியில் ஒட்டிவிட்டுக் கை கழுவப் போனார்.

பிறகு அவர்கள் கணியூர்ப் பக்கமே போய்விட்டார்கள். நான் இன்னும் தரைதான் போடுகிறேன். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் ராத்திரி போடுகிற லைட்டைப் போடச் சொல்கிறேன். அப்புறம்தான் சேம்பிளை விரிக்கிறேன். ஏன் என்று கேட்பார்கள். சொல்வதில்லை.

போன வருஷம் பெட்டி துருப்பிடித்துப் போய்ப் புதிது வாங்கினேன். பழைய மூடியிலிருந்து அந்த அம்பை நகத்தால் மெதுவாக உரித்துப் புதியதில் ஒட்டினேன். கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. அண்ணன் பார்த்தால் விட மாட்டார். வந்து பார்க்கட்டும்.